நீலக்கொடி எனக்குத்தான்

மோட்டோகிராஸ் வண்டியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்பதைவிட என்னவெல்லாம் இல்லை என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஹெட்லைட் இல்லை. இண்டிகேட்டர் இல்லை. ஸ்பீடோமீட்டர் இல்லை. சாவி இல்லை, சாவி போடும் ஓட்டையும் இல்லை. சைடு ஸ்டாண்ட் கிடையாது. ஆகவே வண்டியை விட்டு இறங்கினால் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அல்லது ஓர் இரும்பு முக்காலியைத் தேடிப் பிடித்து அதன்மேல் தூக்கி வைக்க வேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கண்ணாடி இல்லை. நம்பர் உண்டு, ஆனால் அது ஆர்.டி.ஓ. கொடுத்த நம்பர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாரன் இல்லை. கோவை அவிநாசி ரோட்டில் பல வருஷம் குப்பை கொட்டியவனிடமிருந்து ஹாரனைப் பிடுங்கிக்கொண்டால் அவனுக்குப் பேச்சே வராது.

இவ்வளவையும் கழற்றி எறிந்துவிட்டு மிச்சம் என்ன வைத்திருக்கிறார்கள் என்றால், எஞ்சினும் சஸ்பென்ஷனும். 450 சிசி மோட்டோகிராஸ் வண்டி ஒன்று 110 கிலோ சொச்சம் இருக்கும். எங்கள் தெருப் பால்காரர் ஓட்டும் ஸ்ப்ளெண்டரும் ஏறக்குறைய அதே எடைதான். ஸ்ப்ளெண்டருக்கு 8 குதிரைத்திறன். இதற்கு 50க்கு மேல். அந்த எஞ்சினைப் பால்காரரிடம் கொடுத்தால் சுந்தராபுரத்தில் கறந்த பால் எங்கள் வாசலுக்கு வரும்போது வெண்ணெய் திரண்டிருக்கும்.

நல்ல வேளையாக, புதிதாக வருகிறவன் கையில் யாரும் அதைக் கொடுப்பதில்லை. விலையும் பல லட்சம். ரோட்டில் ஓட்டப் பதிவும் கிடைக்காது. என்னைப் போன்றவர்களுக்காக ஹீரோ கம்பெனி 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 என்று ஒரு வண்டியை விட்டது. அதில் ஒரு பழைய வண்டியை வாங்கி மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் முதல் வேலையாக ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், சைடு ஸ்டாண்ட், சாரி கார்டு எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு, "பத்திரமா வெச்சுக்கோங்ணா, விக்கறப்ப வேணும்" என்றார். நான் இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் விற்கிற நாள் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா சுற்றிவந்து பார்த்தாள். "சேலைக் கம்பியக் கழட்டிப்போட்டா நான் எப்படிக் கண்ணு உக்கார்றது?"

"நீ உக்காரக் கூடாதும்மா. நானே உக்காரக் கூடாதாம்."

"அப்பறம் எதுக்கு சீட்டு?"

நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன்.

நாற்பதைத் தாண்டியவனுக்கு இந்த மோட்டோகிராஸ் ஆசை ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஷொர்ணூர். கோவையிலிருந்து ரயில் ஏறினால் பாலக்காட்டைத் தாண்டி வரும் அந்த ஊர்க்காரர் ஹரித் நோவா. தேசிய சூப்பர்கிராஸ் பட்டங்களை வென்றவர். 2024இல், பாலைவனத்தில் ஓட்டும் டாக்கர் ராலியில் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். டாக்கரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர். அவருக்கு முன்னால், 2015இல், பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் அந்தப் பந்தயத்தை முழுசாக ஓட்டி முடித்த முதல் இந்தியரானார், 36ஆவது இடம். இருவருமே பாலைவனத்துக்குப் போகும் முன் மண் டிராக்கில் குதித்துப் பழகியவர்கள். ஷொர்ணூரில் ஒருவரால் முடியுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவனால் ஏன் முடியாது என்று ஒரு ராத்திரி தோன்றிவிட்டது. போதாக்குறைக்கு எங்கள் ஊர் ரேஸ் ஊர். கார் பந்தயத்துக்குச் சொந்தமாக வண்டி கட்டிய கரிவரதன் வாழ்ந்த இடம். செட்டிபாளையத்து டிராக்குக்கு அவர் பெயர்தான். இங்கே சலூனில் முடிவெட்டுபவரும் கியர் ரேஷியோ பேசுவார். பேச்சில் நானும் யாருக்கும் குறைந்தவனல்ல.

இந்த விளையாட்டின் பூர்வீகத்தைப் படித்ததில் தைரியம் இன்னும் கூடியது. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பக்கம், ஸ்காட் டிரையல் என்று ஒரு போட்டி நடந்துவந்தது. அதில் வேகத்துக்கும் மதிப்பெண், சேற்றிலும் பாறையிலும் கால் ஊன்றாமல் ஓட்டும் திறமைக்கும் மதிப்பெண். தெற்கே கேம்பர்லியில் இருந்தவர்கள் 1924இல் அதேபோல ஒன்றை நடத்தினார்கள். திறமைக்கு மதிப்பெண் போடும் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். முதலில் வருபவருக்கே ஜெயம். அதுதான் ஸ்க்ராம்பிள் ஆகி, பிறகு மோட்டோகிராஸ் ஆயிற்று. ஆக, திறமை கணக்கில் வராது என்று நூறு வருஷத்துக்கு முன்பே முடிவான ஒரே விளையாட்டு இதுதான். எனக்காகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். தேசியப் பந்தயமென்றால் இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ், டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் வேண்டும். நான் கலந்துகொள்ள நினைத்தது உள்ளூர்ப் பந்தயம். ஆனால் 'எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு' என்று கையெழுத்து வாங்குவதில் உள்ளூர், தேசியம் என்ற பேதமில்லை. என் மனைவியின் சித்தப்பா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். விஷயம் தெரிந்ததும் பாலிசிப் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார். காப்பி ஆறும்வரை பொடி எழுத்தைப் படித்தார்.

"மாப்ளே, மோட்டார் ரேஸ்ல அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு கிடையாதுன்னு போட்டிருக்கான். மலையேற்றம், குதிரைப் பந்தயம், கடல்ல முங்கறது, எல்லாத்துக்கும் சேர்த்து."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு," என்று விரலை வரியின் மேல் வைத்தார். "தொழில்முறையா கலந்துக்கிட்டாத்தான் கிடையாதாம்."

உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது. அதையே தொழிலாக வைத்திருப்பவர்களைத்தான் விலக்கு கட்டுப்படுத்தும். சித்தப்பா கடமை தவறாதவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சியையே நேரில் பார்க்க வந்துவிட்டார். கொஞ்ச நேரம் வேலி ஓரமாக நின்று பார்த்தவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கவலையே வேண்டாம் மாப்ளே. கேஸ் கோர்ட்டுக்குப் போனாக்கூட இந்த வீடியோவ மட்டும் போட்டுக் காட்டுங்க. ஒரு ஜட்ஜும் உங்களத் தொழில்முறைன்னு சொல்ல மாட்டாரு."

டிராக் கோவைக்கு வெளியே, ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. செம்மண். மோட்டோகிராஸ் என்பது இந்த மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்து, அதன்மேல் வட்டம் சுற்றுவது. அதற்குப் போட்டுக்கொள்ளும் உடை இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளையைத் தயார் செய்வதுகூட அத்தனை நேரமாகாது. முழங்கால் கவசம், முழங்கை கவசம், மார்புக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கூடு, அதன்மேல் ஜெர்சி, கழுத்துக்குக் காலர், ஹெல்மெட், தனியாகக் கண்ணுக்குக் காகிள்ஸ், கையுறை. எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பாத்ரூம் வரும். கடைசியாகப் பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே வரை வரும், காலுக்கு நான்கு பக்கிள். அதற்குள் நுழைந்த பாதத்துக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்துவிடும். கியர் லீவர் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாது. மூன்றாவது கியரா நான்காவதா என்பதை எஞ்சின் போடும் கூச்சலைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

எங்கள் கோச்சுக்கு என் வயதில் பாதி. மரியாதைக்காரத் தம்பி, என்னைத் திட்டும்போதுகூட 'ங்ணா' சேர்த்துத்தான் திட்டுவார். முதல் நாள் அவர் பேசியதில் பெரும்பகுதி ஒரே வாக்கியம்: "உக்காராதீங்ணா."

ரோட்டில் வண்டி ஓட்டுவது என்றால் உட்கார்ந்து ஓட்டுவது. இங்கே நிற்க வேண்டும். கால்கட்டைமேல் நின்று, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, தலையைக் கைப்பிடிக்கு நேர்மேலே கொண்டுவந்து, முழங்கைகளை இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டு வளைவில் திரும்பும்போது மட்டும்தான். அப்போதும் சீட்டின் முன்நுனியில், பெட்ரோல் டேங்கை ஒட்டி. திரும்பும் பக்கத்துக் காலை முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அந்தச் சீட்டு கிடைத்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் பிரயோஜனம்.

இதில் பெரிய சங்கடம் பிடிமானம். பயந்தவனுக்குப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த இடம் கைப்பிடி ஒன்றுதான். அதை இறுக்கப் பிடித்தால் இரண்டு சுற்றுக்குள் முன்கை வீங்கி இறுகிவிடும். ஆர்ம் பம்ப் என்பார்கள். ரத்தம் தசைக்குள் வந்துகொண்டே இருக்கும், தசையைச் சுற்றிய உறை விரியாது, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. முதல் வாரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் நான் பட்ட பாட்டை ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் பார்த்துவிட்டு, பேசாமல் வந்து திறந்து கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பையனைப் பற்றிப் பிறகு.

மருந்து என்னவென்றால் கையால் பிடிக்காமல் முட்டியால் பிடிப்பது. டேங்கை இரண்டு முட்டியாலும் இறுக்கிக்கொண்டால் கை லேசாகும். கோச் இதைச் சொல்லிப் பார்த்தார், செய்து காட்டிப் பார்த்தார். கடைசியில் என் பர்ஸை வாங்கி அதிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து, ஒரு முட்டிக்கு ஒன்றாக டேங்கோடு வைத்து அழுத்தினார். "இப்ப ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்ணா. நோட்டு இருந்தா உங்களுது. விழுந்தா பசங்களுக்கு டீ."

அன்று எல்லாரும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். ஆனால் பாடம் ஏறியது. கொங்கு நாட்டுக்காரனுக்கு இதைவிடச் சரியான பயிற்சி முறையை ஐரோப்பாவிலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

பிறகு மேடுகள். அடுத்தடுத்து வரும் சின்ன மேடுகளின் வரிசைக்கு வூப்ஸ் என்று பெயர். நம்மூரில் கவுன்சிலர் வீட்டு வாசலில் மட்டும் இருக்கும் வேகத்தடை இங்கே ஏழெட்டு சேர்ந்தாற்போல இருக்கும். நமக்குத் தெரிந்ததெல்லாம் வேகத்தடையைப் பார்த்தால் பிரேக் போடுவது. இங்கே ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். வேகமாகப் போனால் சக்கரம் முகட்டுக்கு முகடு தாவிக்கொண்டு போய்விடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முகம் குத்தி எழுந்து, பல் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்தபடி வெளியே வர வேண்டும். பயம் வந்தால் வேகத்தைக் கூட்டு என்பதுதான் இங்கே சட்டம். இதை அறிவு ஒப்புக்கொள்ளும். வலது கை ஒப்புக்கொள்ளாது.

டேபிள் டாப் என்ற பெரிய மேடு புதியவர்களுக்குத் தோழன். ஏறும் சரிவு, நடுவே தட்டையான மண், இறங்கும் சரிவு. முழுசாகத் தாண்ட முடியாவிட்டாலும் நடுத்தட்டில் விழுந்து உருண்டு போய்விடலாம். டபுள் என்பதில் அந்த நடுத்தட்டு கிடையாது. அதன் பக்கம் கோச் எங்களை விடவில்லை. காற்றில் இருக்கும்போது செய்ய வேண்டியதையும் அவர் சொல்லிக் கொடுத்தார். வண்டியின் மூக்கு கீழே போனால் ஆக்சிலேட்டரைத் திருகு: பின்சக்கரம் வேகமாகச் சுழலும், அதற்கு எதிர்ப்பக்கமாக வண்டி திரும்பி மூக்கு நிமிரும். மூக்கு அண்ணாந்தால் பின்பிரேக்கை மிதி: சக்கரத்தின் சுழற்சி வண்டிக்கு மாறி மூக்கு தாழும். அருமையான விஞ்ஞானம். எனக்கு அது தேவைப்படவில்லை. நான் பறந்ததாக நினைத்த ஒரு தாவலை மனைவி போனில் எடுத்திருந்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், டயருக்கும் தரைக்கும் நடுவே காலைப் பேப்பரை நுழைக்கலாம் என்று தெரிந்தது. ஞாயிறு இணைப்போடு சேர்த்து நுழைக்க முடியாது.

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் 65 சிசி வண்டி வைத்திருந்தான். அதே டேபிள் டாப்பை என் தலைக்கு மேலே தாண்டிப் போவான். இந்த விளையாட்டில் இது அதிசயமில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், லொரெட்டா லின் என்ற பாடகியின் பண்ணையில் 1982 முதல் ஆண்டுதோறும் அமெச்சூர் பந்தயம் நடக்கிறது. அதில் நாலு வயசுக் குழந்தைகளுக்குப் பிரிவு உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. நான் போன பந்தயத்தில் புதியவர்களுக்கு நாவிஸ் என்று ஒரே பிரிவுதான். பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் நானும். பதிவுசெய்யும் மேஜையில் இருந்தவர் என்னிடம், "பையன் பேர் சொல்லுங்க சார்" என்றார்.

பந்தயத்துக்கு முன்னால் கொடிகளைப் பற்றி ஒரு வகுப்பு. மஞ்சள் ஆட்டினால் முன்னால் யாரோ விழுந்திருக்கிறார்கள்: தாவக் கூடாது, முந்தக் கூடாது. சிவப்பென்றால் எல்லாரும் நிற்க வேண்டும். கட்டம் போட்டது முடிவு. நீலம் என்றால், உன்னைவிட ஒரு சுற்று முன்னால் இருப்பவன் உனக்குப் பின்னால் வந்துவிட்டான். இதைச் சொல்லும்போது அதிகாரி பொதுவாக எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஸ்டார்ட்டிங் கேட் என்பது ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரத்துக்கும் முன்னால் நிற்கும் இரும்புத் தடுப்பு. ஒருவர் '30 விநாடி' என்று எழுதிய பலகையைக் காட்டுவார். பிறகு பலகையை ஒருக்களித்துத் திருப்புவார். அதற்கப்புறம் ஐந்திலிருந்து பத்து விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட் விழும். இங்கேதான் நம்மூர்க்காரர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். ரயில்வே கேட் ஏறுவதற்கு முன்பே முன்சக்கரத்தைக் கம்பிக்கடியில் நுழைத்து வைத்துக்கொள்வதில் நம்மை மிஞ்ச உலகில் ஆளில்லை. ஆனால் இந்த கேட்டைச் செய்தவன் நம்மை அறிந்தவன். அது முன்பக்கமாக விழாது. ஓட்டுபவனை நோக்கி விழும். அவசரப்பட்டு முட்டிக்கொண்டு நின்றால் சக்கரத்தில் இடித்து அங்கேயே நின்றுவிடும். பக்கத்து வண்டிகள் போய்விடும். ஒரு ஜென்மத்துப் பழக்கத்தை இரண்டடி இரும்பு திருத்திவிடுகிறது. ரயில்வேயில் யாராவது இதைக் கவனிக்கலாம்.

கேட் விழுந்தது. எல்லாரும் போனார்கள். நானும் போனேன், சற்றுப் பின்னால். அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குப் போகும். அதில் முதலாவதாக நுழைவதற்கு ஹோல்ஷாட் என்று தனிப் பெருமை. கடைசியாகக் கிளம்புவதில் ஒரு வசதி உண்டு. முதல் வளைவில் யார் யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு சுற்றிப் போகலாம். மூன்று பேர் கிடந்தார்கள். அவர்கள் எழுந்து வரும்வரை நான் மூன்று பேரை முந்தியவன். என் பந்தய வாழ்க்கையின் உச்சம் அதுதான். மனைவி அதை எடுக்கவில்லை, சித்தப்பாவுக்குச் சுண்டல் வாங்கப் போயிருந்தாள்.

அப்புறம் நீலம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ரோட்டில் பின்னால் சத்தம் கேட்டால் என்ன செய்வோம்? திரும்பிப் பார்ப்போம். பிறகு இடதுபக்கம் ஒதுங்குவோம். ஒதுங்கத் தோன்றாவிட்டால் வலதுபக்கம் ஒதுங்குவோம். பஸ்காரருக்கு வழி விடுவதை ஒரு பண்பாடாகவே வளர்த்திருக்கிறோம். மோட்டோகிராஸில் அந்தப் பண்பாடு ஆளைக் கொன்றுவிடும். பின்னால் வருபவன் உன் போக்கைப் பார்த்து, நீ இப்படியே போவாய் என்று கணக்குப் போட்டு, உனக்கு இந்தப் பக்கம் ஒரு தாவல் தாவிவிடுவான். பாதிக் காற்றில் இருப்பவனால் திரும்ப முடியாது. அந்த நேரத்தில் நீ மரியாதையாக ஒதுங்கினால் அவன் இறங்கும் இடத்தில் நீ நிற்பாய். ஆகவே நீலக்கொடி பார்த்தால் ஒதுங்காதே, திரும்பிப் பார்க்காதே, வேகத்தைச் சட்டென்று குறைக்காதே, போன தடத்திலேயே போ. வழி கண்டுபிடிக்க வேண்டியது அவன் பாடு. புதிதாக வருகிறவனுக்கு முந்தத் தெரிய வேண்டிய அவசியம் ரொம்ப நாளைக்கு வராது. முந்தவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கோச் இல்லை, அந்தப் பையன். பயிற்சியில் என்னைத் தாண்டிப் போய்விட்டு, காத்திருந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "அங்கிள், நீங்க மெதுவா போறது பரவால்ல. நேரா போங்க" என்றான். என் ஆசிரியர்கள் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வூப்ஸுக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நின்றது ஒரு கல்லூரிப் பெண். முதலில் பின்னால் வண்டி வந்தபோது மட்டும் நீலத்தை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்ததுமே ஆட்ட ஆரம்பித்தாள். கடைசியில் கை வலித்ததோ என்னவோ, வேலியில் சாய்ந்துகொண்டு, மற்றக் கையால் தண்ணீர் குடித்தபடி ஆட்டினாள். நான் நேராகப் போனேன். இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், ஒருமுறை டேபிள் டாப்பில் தலைக்கு மேலே ஒருவன். நிழல் விழுந்து போனது. ஹாரனுக்காக இடது கட்டைவிரல் துடித்தது. அங்கே ஒன்றும் இல்லை. நான் தடம் மாறவில்லை.

கட்டக்கொடி ஜெயித்தவனுக்கு விழும்போது முன்னேபின்னே இருக்கும் எல்லாருக்கும் பந்தயம் முடிந்துவிடும் என்பது இந்த விளையாட்டின் கருணைகளில் ஒன்று. மிச்சச் சுற்றுகளைத் தனியாக ஓட்டிக் கடனைத் தீர்க்கத் தேவையில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, முக்காலியைக் காணாமல், தென்னை மரத்தில் சாய்த்துவிட்டுப் பூட்ஸ் பக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பையனின் அப்பா வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி. கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். இதுவரை என்னிடம் பேசியதில்லை.

"நல்லா ஓட்டுனீங்ணா. ஒரு இடத்துலகூட அசையல."

மனம் குளிர்ந்துவிட்டது. நன்றி சொன்னேன்.

"ஒண்ணு கேக்கலாங்களா? ஞாயித்துக்கிழமை காலைல ப்ரீயா இருப்பீங்களா?" என்று கொஞ்சம் தயங்கினார். "பையன் தனியா ஓட்டுனா டைமிங் சூப்பரா வருது. ஆளுங்க நடுவுல வந்தா தடுமாறுறான். ஓவர்டேக் பழக முன்னால ஒருத்தர் வேணும். மத்தவங்க எல்லாம் வேகமாப் போயிடறாங்க."

பேசி முடித்துவிட்டோம். பெட்ரோல் அவர் கணக்கு, காலை டிபன் அவர் கணக்கு, கிளட்ச் பிளேட் தேய்ந்தால் ஆளுக்குப் பாதி. இதற்குப் பணம் வாங்கிக்கொண்டால் தொழில்முறை ஆகிவிடுமா என்று சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பாலிசியைப் படித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.